சூடானால் நிற்கும் வண்டி

கிளம்பவே மறுக்கும் காரைச் சரிசெய்வது எளிது. கோளாறு அங்கேயே இருக்கிறது. நாம் கருவிகளை எடுத்துவந்து ஒவ்வோர் இடமாக அளந்து முடிக்கும்வரை அது எங்கும் போய்விடாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்து நடுவழியில் நின்றுபோய், கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காததுபோல உறுமிக்கொண்டு கிளம்பும் காரோடுதான் பெரும்பாடு. பட்டறைக்கு வந்து சேரும்போது அதில் கோளாறு இல்லை. மீட்டரை எங்கே வைத்தாலும் எண்கள் சரியாகவே இருக்கும். "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே ஓடுது" என்பார் மெக்கானிக். அவர் சொல்வது பொய்யில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கார் அதேபோல நிற்கும்.

அப்படிப்பட்ட கோளாறை எப்படித் துரத்திப் பிடிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் கார் எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற ஊரில் தயாரானது. திறந்த மேற்புறம் கொண்டதும் ஜிடி என்ற மூடிய வகையுமாக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அங்கிருந்து வெளியே வந்தன. 1798 சி.சி., நான்கு சிலிண்டர், இரண்டு எஸ்.யூ. கார்பரேட்டர்கள், லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர், வண்டியின் பின்பக்கத்தில் மின்சாரத்தால் இயங்கும் ஒரு பெட்ரோல் பம்ப். கம்ப்யூட்டர் கிடையாது. எஞ்சின் ஓடுவதற்குத் தேவையான ஒவ்வொரு வேலையையும் கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் உறுப்பு செய்கிறது. ஒவ்வோர் உறுப்புக்குப் பின்னாலும் பள்ளிக்கூடத்தில் படித்த ஓர் இயற்பியல் விதி நிற்கிறது. எம்ஜிபியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த எஞ்சின் அந்நியமும் இல்லை. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-வரிசை எஞ்சின் இது. இதே வரிசையில் வந்த 1489 சி.சி. எஞ்சின்தான் பல பத்தாண்டுகள் அம்பாசடரை ஓட்டியது. சி.பி. பாயின்ட்டை எமரித்தாளில் தேய்த்துப் பழகிய அம்பாசடர் மெக்கானிக் ஒருவரை எம்ஜிபியின் பானெட்டுக்கு முன்னால் நிறுத்தினால், அவருக்குப் பாதிக்கு மேல் தெரிந்த முகங்களாகவே இருக்கும்.

புதிய கார் நின்றால், என்ன நடந்தது என்பதை அதன் கம்ப்யூட்டர் ஒரு குறியீட்டு எண்ணாகவாவது பதிந்து வைக்கும். எம்ஜிபியில் பதிந்து வைக்க ஓட்டுநரை விட்டால் ஆளில்லை. நின்ற கணத்தில் அவர் எதைப் பார்த்தார், எதைக் கேட்டார் என்பதே சாட்சியம். எஞ்சின் ஆற ஆற அந்தச் சாட்சியம் அழிந்துகொண்டே போகிறது. ஆகையால் நின்ற முதல் ஐந்து நிமிடங்களில் செய்யும் சோதனை, மறுநாள் பட்டறையில் அரை நாள் செய்யும் சோதனையைவிட மதிப்புள்ளது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தை ஸ்டார்ட்டரை மறுபடி மறுபடி இயக்குவதிலேயே செலவழித்துவிடுகிறார்கள். அது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

முதலில், எதையெல்லாம் சந்தேகிக்க வேண்டாம் என்று பார்ப்போம். பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: சரியான அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும், அதை இறுக்கும் அழுத்தம், சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. இவற்றில் அழுத்தம் போய்ப் போய்த் திரும்பி வருவது அரிது. எரிந்த வால்வும் தேய்ந்த பிஸ்டன் வளையமும் கால் மணி நேரத்தில் தாமாகக் குணமாவதில்லை. ஆறினால் சரியாகிவிடும் என்ற ஒரே செய்தி எஞ்சினின் உள் உறுப்புகளைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விடுவித்துவிடுகிறது. மிஞ்சுவது இரண்டு வழிகள்: மின்சாரம், பெட்ரோல்.

இந்த இரண்டில் எது என்பதை நின்ற விதமே பெரும்பாலும் சொல்லிவிடும். கார்பரேட்டரின் பக்கத்தில் மிதவைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. பம்ப் அனுப்பும் பெட்ரோல் முதலில் அதில் நிரம்பி, அதிலிருந்துதான் எஞ்சினுக்குப் போகிறது. பம்ப் நின்றாலும் கிண்ணத்தில் இருக்கிற வரைக்கும் எஞ்சின் ஓடும். கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்கக் கலவையில் பெட்ரோல் குறையும். வண்டி முதலில் இழுவை இழக்கும், திணறும், தும்மும், பிறகு நிற்கும். எம்ஜிபியில் இரண்டு கார்பரேட்டர்கள் இருப்பதால் ஒரு கிண்ணம் மற்றதைவிடச் சற்று முன்னதாக வறண்டு, இரண்டு சிலிண்டர்கள் சோர்ந்து, வண்டி உதறுவதும் உண்டு. மின்சாரத்துக்கு இப்படிச் சேமிப்புக் கிண்ணம் எதுவும் இல்லை. பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் கம்பி அறுந்தால் அடுத்த பொறியே வராது. சாவியை யாரோ திருப்பி அணைத்ததுபோல எஞ்சின் சட்டென்று செத்துவிடும்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. சூட்டில் தளரும் கண்டென்சர் சில பொறிகளைத் தவறவிட்டுத் தவறவிட்டு, பெட்ரோல் தீர்ந்த வண்டியைப்போலவே நடிக்கும். கார்பரேட்டர் கோளாறு என்று வருவதில் பெரும்பகுதி மின்கோளாறுதான் என்பது பழைய மெக்கானிக்குகளிடையே வழங்கும் பேச்சு. அதில் நிறைய உண்மை இருக்கிறது. எனவே காதை மட்டும் நம்பாமல் கண்ணுக்கும் வேலை கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு டேஷ்போர்டிலேயே அருமையான கருவி ஒன்று இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டேக்கோமீட்டர்தான் அது.

எம்ஜிபியின் தொடக்ககால டேக்கோமீட்டர் எஞ்சினிலிருந்து வரும் கேபிளால் சுழன்றது. 1964இன் பிற்பகுதிக்குப் பின் வந்தவை மின்சாரத்தால் இயங்குபவை. காயிலின் முதன்மைச் சுற்றில், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் என்ற சிறு சுவிட்ச் திறந்து மூடும் 12 வோல்ட் பாதையில், வரும் துடிப்புகளை அவை எண்ணுகின்றன. இப்போது வண்டி நிற்கப்போகும் கணத்தை நினைத்துப் பாருங்கள். கியர் போட்டபடி இருக்கிறது, கிளட்ச் மிதிக்கவில்லை, சக்கரங்கள் உருள்கின்றன. எஞ்சினில் எரிப்பு நின்றுவிட்டாலும் சக்கரங்கள் அதைச் சுழற்றிக்கொண்டேதான் இருக்கும். பாயின்ட்டும் திறந்து மூடியபடி இருக்கும். அந்த நேரத்தில் டேக்கோமீட்டர் முள் வண்டி வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் முதன்மைச் சுற்று உயிரோடு இருக்கிறது என்று பொருள். கோளாறு பெட்ரோலில் இருக்கலாம், அல்லது காயிலுக்கு அப்பால் உள்ள உயர் மின்னழுத்தப் பாதையில் இருக்கலாம். எஞ்சின் இன்னும் சுழலும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் முதன்மைச் சுற்று அறுந்துவிட்டது. ஒரே பார்வையில் சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடுகிறது. நல்ல சோதனை என்பது எந்த விடை வந்தாலும் பட்டியலைப் பாதியாக்க வேண்டும். பதினாறு சந்தேகங்கள் இருந்தால் அப்படிப்பட்ட நான்கு கேள்விகள் போதும். உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவருக்குப் பதினைந்து முறை பணம் போகலாம்.

முள் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். லூகாஸ் கம்பிகளுக்கு நிற ஒழுங்கு உண்டு. சாவியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் போவது வெள்ளைக் கம்பி. ஃபியூஸ் வழியாகப் போவது பச்சை. எம்ஜிபியில் அந்த வெள்ளைக் கம்பிதான் காயிலுக்கும் உயிர், பெட்ரோல் பம்புக்கும் உயிர். சாவித் தொடர்பு தேய்ந்துபோய் வெள்ளைக் கம்பியில் மின்சாரம் நின்றால் இரண்டும் ஒன்றாகச் சாகும். பம்ப் டிக் டிக் என்று அடிக்கவில்லை என்பதை மட்டும் கேட்டுவிட்டு புதுப் பம்ப் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போதே இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்திருக்கலாம். அது பச்சைக் கம்பியில் இருக்கிறது. பச்சைக்கு மின்சாரம் வருவது வெள்ளையிலிருந்து. இண்டிகேட்டரும் இல்லை, பெட்ரோல் முள்ளும் இறங்குகிறது என்றால் குற்றவாளி சாவி அல்லது அதற்கு முன்னால் உள்ள இணைப்பு. இண்டிகேட்டர் ஒழுங்காக மின்னுகிறது என்றால் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் வரையுள்ள குறுகிய பாதைக்குள் நாம் வந்துவிட்டோம்.

இந்தக் குறுகிய பாதை எனக்கு மிகவும் பிடித்தமானது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட மின்தூண்டல் விதி சாலையில் ஓடும் இடம் அது. காயிலுக்குள் ஓர் இரும்பு உள்ளகத்தைச் சுற்றி இரண்டு சுருள்கள் இருக்கின்றன. தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் அதைப்போல நூறு மடங்கு சுற்று. பாயின்ட் மூடியிருக்கும்போது தடித்த சுருளில் மின்சாரம் ஓடி இரும்பில் காந்தப்புலத்தைக் கட்டுகிறது. பாயின்ட் திறந்ததும் மின்சாரம் அறுபட்டுப் புலம் சரிகிறது. எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அவ்வளவு அதிக வோல்ட் பிறக்கும். தடித்த சுருளில் கிட்டத்தட்ட 300 வோல்ட்டும், மெல்லிய சுருளில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேலும் எழக்கூடும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது இது ஒரு நொடிக்கு நூறு முறை நடக்கிறது.

"எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ" என்பதில்தான் கண்டென்சரின் வேலை இருக்கிறது. பாயின்ட் பிரியத் தொடங்கும் முதல் கணத்தில் இடைவெளி மயிரிழைதான். ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் அந்த இடைவெளியைத் தாவி நெருப்பாக ஓடப் பார்க்கும். அப்படி ஓடினால் புலம் மெதுவாகச் சரியும், ஆற்றல் பாயின்ட்டிலேயே எரிந்து தீரும், பிளக்கில் பொறி வராது. சுமார் 0.2 மைக்ரோஃபாரட் கொள்ளளவுள்ள கண்டென்சர் அந்தக் கணத்து மின்சாரத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, பாயின்ட் விலகிச்செல்ல அவகாசம் தருகிறது. கைவிரல் பருமன்கூட இல்லாத உருளைக்குள் மெல்லிய உலோகத்தகடும் காப்புத்தாளும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சின் சூட்டில் அந்தச் சுருள் விரிந்து, உள்ளே ஒரு முனையின் தொடர்பு தளர்ந்தால் கண்டென்சர் இல்லாததற்குச் சமம். ஆறினால் சுருங்கி மறுபடி தொட்டுக்கொள்ளும். மீட்டரில் அளந்தால் புதிதுபோலக் காட்டும்.

காயிலும் சூட்டுக்கு அஞ்சும். அதில் ஆச்சரியமான ஒரு விஷயம், கோளாறே இல்லாத காயிலும் சூட்டில் வலுவிழக்கிறது என்பதுதான். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 3 ஓம் உள்ள சுருள் 80 டிகிரியில் 3.7 ஓம் ஆகிவிடும். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடிய இடத்தில் 3.2 ஆம்பியர்தான் ஓடும். காந்தப்புலத்தில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே அது மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. இது வடிவமைப்பாளர்களுக்குத் தெரியும். அதற்கும் ஈடுகொடுக்கும் அளவுக்கு உபரி வைத்துத்தான் காயிலைச் செய்தார்கள். ஆனால் ஐம்பது வருடத்துக் களிம்பேறிய பித்தளை இணைப்பு ஒன்று இன்னும் ஒரு ஓம் சேர்த்தால் அந்த உபரி கரைந்துவிடும். ஒரு தனிக் கோளாறு இல்லாமலேயே, சிறு நஷ்டங்கள் கூடி வெயில் நாளில் வண்டியை நிறுத்தும். குளிர்காலத்தில் ஒன்றும் தெரியாது. இப்படிப்பட்ட காரில் எதை மாற்றினாலும் கொஞ்சம் குணம் தெரியும். குணம் தெரிந்ததற்காக அதுவே காரணம் என்று நம்பிவிடக் கூடாது.

ரோட்டாரின் கதை வேறு. காயிலின் உயர் மின்னழுத்தத்தைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் சுழல் துண்டு அது. அதன் பிளாஸ்டிக் உடலில் கண்ணுக்குத் தெரியாத விரிசலோ தரமற்ற கலவையோ இருந்தால் மின்சாரம் பிளக்கைத் தேடிப் போகாமல், குறுக்கே தண்டு வழியாக எர்த்தில் இறங்கிவிடும். சோதிப்பது எளிது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, காயிலிலிருந்து வரும் தடித்த கம்பியின் முனையை ரோட்டாரின் நடுப் பித்தளைக்குச் சில மில்லிமீட்டர் மேலே, காப்பிட்ட இடுக்கியால் பிடித்துக்கொண்டு பாயின்ட்டைத் திறந்து மூட வேண்டும். நல்ல ரோட்டார் எர்த்தோடு தொடர்பில்லாதது. பொறி தொடர்ந்து அதன்மேல் பாய்ந்தால் அது எங்கேயோ ஒழுகுகிறது.

பொறி வருகிறதா என்று பார்க்கும்போது இன்னொன்றும் நினைவில் வேண்டும். கழற்றிய பிளக்கை எஞ்சின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு "பொறி இருக்கு" என்று சொல்வது போதாது. வாயுவில் பொறி பாயத் தேவையான மின்னழுத்தம், அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கிய எண்ணைச் சார்ந்தது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889இல் காட்டினார். எம்ஜிபியின் பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர்தான். சிலிண்டருக்குள் கலவை பலமடங்கு இறுக்கப்பட்டிருக்கும்போது அந்த 0.6 மில்லிமீட்டரைத் தாண்டுவது, வெளிக்காற்றில் ஐந்தாறு மில்லிமீட்டரைத் தாண்டுவதற்குச் சமம். தடித்த கம்பியின் முனையை எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்துப் பொறி பார்க்கும் பழைய பட்டறை வழக்கம் பாஷன் பெயரைக் கேள்விப்படாமலே அந்த விதியைக் கடைப்பிடித்து வந்திருக்கிறது.

முதன்மைச் சுற்றில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களில் நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியேயுள்ள முனையிலிருந்து உள்ளே பாயின்ட்டுக்கு ஒரு சிறு கம்பி போகிறது, இரண்டு அங்குல நீளம் இருக்கலாம். பாயின்ட் பொருத்தியுள்ள தட்டு அசையாத தட்டில்லை. எஞ்சினின் வெற்றிட அழுத்தத்தைப் பொறுத்துப் பொறியின் நேரத்தை முன்னே பின்னே நகர்த்துவதற்காக அது திரும்பும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் தட்டு திரும்ப, அந்தச் சிறு கம்பியும் வளைந்து நிமிர்கிறது. வருடக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து, மேலுறைக்குள் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. உறை முழுதாக இருப்பதால் பார்த்தால் தெரியாது. கடைசியில் முறிந்த முனைகள் தட்டு ஒரு பக்கம் இருக்கும்போது தொட்டுக்கொள்ளும், மறுபக்கம் போனால் பிரியும். நின்ற வண்டியில் தட்டு எப்போதும் ஒரே நிலையில் இருப்பதால் மீட்டர் தொடர்ச்சி காட்டும். இதைப் பிடிக்க ஒரு நிமிடச் சோதனை உண்டு. வெற்றிடக் குழாயைக் கழற்றி அதன் முனையை அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். தட்டு இப்போது அசையாது. கோளாறு மறைந்துவிட்டால் கம்பி அகப்பட்டுக்கொண்டது.

பெட்ரோல் பக்கம் வருவோம். எம்ஜிபியின் எஸ்.யூ. பம்ப் பேசத் தெரிந்த கருவி. அதன் டிக் டிக் ஒலியைப் புரிந்துகொண்டவருக்கு அழுத்தமானி கிட்டத்தட்டத் தேவைப்படாது. அதற்குள் ஒரு மின்காந்தம் ரப்பர்த் தகட்டை இழுத்து டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. இழுப்பு முடிந்ததும் உள்ளே இருக்கும் பாயின்ட் பிரிந்து மின்சாரம் நிற்கிறது. பிறகு ஒரு ஸ்பிரிங் தகட்டைத் திரும்பத் தள்ளிப் பெட்ரோலைக் கார்பரேட்டருக்கு அனுப்புகிறது. தள்ளுவது ஸ்பிரிங், உறிஞ்சுவது மின்சாரம் என்பதை மனத்தில் வைத்தால் மற்றதெல்லாம் விளங்கும். சாவியைத் திருப்பியதும் சில டிக்குகள் அடித்து நின்றால் கிண்ணங்கள் நிரம்பிவிட்டன, பம்ப் நலம். நிற்காமல் படபடவென்று அடித்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சுகிறது: டேங்க் காலி, அல்லது உறிஞ்சும் குழாயில் ஓட்டை. மௌனம்தான் குழப்பும். கிண்ணம் நிரம்பியிருந்தாலும் மௌனம், பம்பின் பாயின்ட் கருகியிருந்தாலும் மௌனம், உறிஞ்சும் பக்கம் அடைத்துக்கொண்டாலும் மௌனம். மூன்றாவது வகையில் மின்காந்தம் இழுத்தபடியே மாட்டிக்கொள்ள, மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து சுருள் சூடேறும். பம்பின்மேல் கைவைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஸ்பானரின் கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் டிக் டிக் என்று தொடங்கினால் கருகிய பாயின்ட்.

உறிஞ்சும் பக்கம் அடைபடுவதற்கு விந்தையான காரணம் ஒன்று உண்டு: டேங்க் மூடி. மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகும் எம்ஜிபி ஒரு மணி நேரத்தில் சுமார் பத்து லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். டேங்கிலிருந்து பத்து லிட்டர் வெளியே போனால் பத்து லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். பழைய எம்ஜிபிகளில் அது மூடியிலுள்ள துளை வழியே வந்தது. பின்னால் அமெரிக்காவுக்குப் போன வகைகளில் புகைக்கட்டுப்பாட்டுச் சட்டத்துக்காக மூடியை இறுக அடைத்து, கரித்தூள் டப்பா ஒன்றின் வழியாகக் காற்றை விட்டார்கள். துளையுள்ள மூடி இருக்க வேண்டிய வண்டியில் துளையில்லாத மூடியை யாராவது போட்டுவிட்டாலோ, கரித்தூள் டப்பா அடைத்துக்கொண்டாலோ டேங்குக்குள் அழுத்தம் குறையும். ராபர்ட் பாயிலின் விதிப்படி கணக்குப் போடலாம். அரை டேங்க் பெட்ரோல் இருக்கையில் மேலே 25 லிட்டர் இடமிருக்கிறது. இரண்டரை லிட்டர் தீர்ந்தால் அது இருபத்தேழரை ஆகும். அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். அதுவே டேங்க் நிரம்பியிருந்து மேலே ஐந்து லிட்டர் இடம் மட்டும் இருந்தால், ஒரு லிட்டர் தீர்ந்ததுமே ஆறில் ஒரு பங்கு இறங்கிவிடும். பெட்ரோல் ஆவி ஓரளவு ஈடுகட்டும் என்றாலும் போக்கு இதுதான். ஆகவே "டேங்க் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் சீக்கிரம் நிற்கிறது" என்று ஓட்டுநர் சொன்னால், அந்த வினோதமான தகவலை அலட்சியம் செய்யாதீர்கள். நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே போகிறதா என்று கேட்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் அந்த ஒலி இருக்காமல் போகலாம்.

சூட்டில் பெட்ரோலே கொதிப்பது இன்னொன்று. பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதி 35 டிகிரி சுற்றிலேயே கொதிக்கத் தொடங்கும். பத்து சதவீத எத்தனால் கலந்தால் ஆவியாகும் தன்மை இன்னும் சற்றுக் கூடுகிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் வழக்கமான பெட்ரோலே இந்தக் கலவைதான். எத்தனாலுக்காகச் செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களும் அதில் ஊறிக் கெடுகின்றன. உள்சுவர் உரிந்து பெட்ரோல் வழியை அடைப்பதும் உண்டு.

மலையேறும் அம்பாசடர்களில் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அப்படிச் சுற்றவைக்கும் கோளாறுக்கு 'ஏர் லாக்' என்று பெயர். அம்பாசடரின் பம்ப் எஞ்சினிலேயே பொருத்தப்பட்டது, பெட்ரோலைப் பின்னாலிருந்து உறிஞ்சியெடுக்கும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். எஞ்சின் சூடு வேறு சேர, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும், பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் தவிக்கும். எம்ஜிபியின் பம்ப் குளிர்ந்த பின்பக்கத்திலிருந்து முன்னோக்கித் தள்ளுகிறது. எஞ்சின் அருகே போகும் குழாயில் அழுத்தம் கூடுதலாகவே இருக்கும். எனவே ஓடும்போது ஏர் லாக் வருவது அரிது. அதன் தொல்லை வேறு இடத்தில் வருகிறது. கார்பரேட்டர்களும் புகைக்குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வண்டியை நிறுத்தினால் விசிறியும் காற்றோட்டமும் நின்றுபோய், புகைக்குழாயின் சூடு மேலேறிக் கிண்ணத்துப் பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் திணறும், கொஞ்ச தூரம் போனதும் தெளியும். ஓடிக்கொண்டே இருக்கும்போது நிற்கிற வண்டியையும், நிறுத்தி எடுத்ததும் திணறுகிற வண்டியையும் "சூடானால் கோளாறு" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். இயற்பியலில் இரண்டும் வெவ்வேறு.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் நிற்கிறதா? வெற்றிட சர்வோ உள்ள வண்டியானால் அதன் தகடு கிழிந்து, மிதிக்கும்போது கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் போகக்கூடும். சர்வோ குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, நிற்கும் வண்டியில் மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த நிலையில் சாலையில் ஓட்டக் கூடாது.

இனி ஒரு வண்டியை முழுதாகப் பார்ப்போம். 1969ஆம் ஆண்டு எம்ஜிபி ஒன்று இருபத்தைந்து நிமிடம் ஓடியதும் நிற்கிறது என்று கொள்வோம். உரிமையாளர் காயில், கண்டென்சர், பம்ப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டார். கோளாறு அப்படியே இருக்கிறது. இப்போது நிலைமை முன்பைவிட மோசம். புதிய உறுப்பு நல்ல உறுப்பு என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய கார்களுக்கென்று இன்று விற்கும் கண்டென்சர்களிலும் ரோட்டார்களிலும் சில நாளிலேயே சாகிறவை உண்டு. தவிர, மாற்றும்போது தொட்ட ஒவ்வோர் இணைப்பும் புதிய சந்தேகம். எனவே முதல் வேலை, கழற்றிய உறுப்புகளை எறியாமல் பெயரெழுதி வைப்பது. அடுத்து, நிற்கும் கணத்துக்குத் தயாராக ஒரு பெட்டி: டெஸ்ட் லேம்ப், நல்ல கண்டென்சர் ஒன்று, இரு முனையிலும் கிளிப் வைத்த நீளக் கம்பி, தீயணைப்பான். நேரத்தைக் குறிக்க ஒரு நோட்டு.

வண்டி நின்றது. டேக்கோமீட்டர் சட்டென்று விழுந்தது. இண்டிகேட்டர் மின்னுகிறது. பானெட்டைத் திறந்து, காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனைக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்பை வைத்து, சாவியைப் போட்டு, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றச் சொல்கிறோம். பாயின்ட் மூடும்போது அணைந்து திறக்கும்போது எரிந்து, விளக்கு சிமிட்ட வேண்டும். சிமிட்டவில்லை, எரிந்தபடியே இருக்கிறது. காயில் வரை மின்சாரம் வருகிறது, அது எர்த்துக்கு இறங்க வழியில்லை. கண்டென்சர் குறுக்குச்சுற்று ஆகியிருந்தால் விளக்கு எரியவே எரியாது. அதுவும் கழிந்தது. மிஞ்சுவது காயிலுக்கும் பாயின்ட்டுக்கும் நடுவிலுள்ள கம்பி, பாயின்ட், பாயின்ட் தட்டின் எர்த் கம்பி, இவ்வளவே. டிஸ்ட்ரிபியூட்டர் தட்டைக் கையால் மெல்லத் திருப்பியதும் விளக்கு சிமிட்டத் தொடங்குகிறது. அந்தச் சிறு கம்பியை மாற்றியாயிற்று. மதிப்பில் வண்டியிலேயே மிக மலிவான பொருள்களில் ஒன்று.

வேலை முடிந்ததா என்பது தனிக் கேள்வி. விட்டுவிட்டு வரும் கோளாறு வராமலிருப்பதை வைத்து அது போய்விட்டது என்று சொல்ல முடியாது. சராசரியாக இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை, எப்போது என்று சொல்ல முடியாதபடி வரும் கோளாறு என்றால், அதைச் சரிசெய்யாமலே இரண்டு மணி நேரம் தொல்லையின்றி ஓட 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆறு மணி நேரம் ஓடினால் அந்த வாய்ப்பு ஐந்து சதவீதமாகிறது. சராசரி இடைவெளியைப்போல மூன்று மடங்கு நேரம் ஓட்டிய பிறகே ஓரளவு நம்பலாம் என்பது புள்ளியியலில் கைகண்ட கணக்கு. அதைவிட வலுவான வழி ஒன்றும் இருக்கிறது, பெரும்பாலோர் செய்ய விரும்பாதது. கழற்றிய பழைய கம்பியை மறுபடி மாட்டி, அதே சாலையில் அதே சூட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். டேக்கோமீட்டர் முள் மறுபடி சட்டென்று விழுந்து வண்டி நின்றால், புதிய கம்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, மீதமிருக்கும் காயிலையும் கண்டென்சரையும் பம்பையும் உதிரிப் பெட்டியில் வைத்துவிடலாம்.